மானிட்டர் 64 என்றது, மணிக்கட்டு 32 என்றது: மிக மெதுவாகத் துடித்த ஓர் இதயத்தின் நிகழ்வு ஆய்வு

கத்திரி வெயில் நேரம், மதியம் 2.40. ஆட்டோவிலிருந்து அந்த அம்மாவை மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். வயது 67. நடக்க முடியவில்லை, ஆனால் கூப்பிட்டால் கண் திறந்தார். "காலையிலிருந்து ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க சிஸ்டர். நாலு நாளா வயித்தால போகுது. சாப்பாடே இறங்கல" என்றார் மருமகள்.

இந்த வரிகளைக் கேட்டதும் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது நீர்ச்சத்துக் குறைவுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. வெயில், வயிற்றுப்போக்கு, மயக்கம். டிரிப் போட்டால் தெளிந்துவிடுவார். வருபவர்களை அவசரத்தின்படி பிரிக்கும் ட்ரையாஜ் மேசையில் மானிட்டர் லீடுகளை ஒட்டினேன். இதயத்துடிப்பு 64 என்று காட்டியது. நல்ல எண். அந்த எண்ணை நம்பியிருந்தால் அவசரம் குறைந்தவர்களுக்கான மஞ்சள் பகுதிக்கு அனுப்பி, ஒரு பாட்டில் சலைன் தொங்கவிட்டு, அடுத்த நோயாளியிடம் போயிருப்பேன்.

போகாததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. எங்களுக்குப் பாடம் நடத்திய மூத்த செவிலியர் ஒருவர் ஊட்டிய பழக்கம்தான். மானிட்டரில் என்ன எண் தெரிந்தாலும், நோயாளியிடம் பெயர் கேட்கும்போதே மணிக்கட்டைப் பிடித்துவிட வேண்டும் என்பார். பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. வெளியே நாற்பது டிகிரி வெயிலில் வந்தவரின் கை அப்படி இருக்கக் கூடாது. உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. நாடி கிடைக்கவே சில நொடிகள் ஆயின. கிடைத்ததும் ஒரு துடிப்பு, நீண்ட இடைவெளி, இன்னொரு துடிப்பு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 15 நொடி எண்ணினேன். எட்டு. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து மறுபடியும் எண்ணினேன். அதே எட்டு. நிமிடத்துக்கு 32.

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். அகலமான கியூ.ஆர்.எஸ். (கீழறை துடிப்பதைக் காட்டும் அலை) ஒன்று, அதன் பின்னால் கூடாரம் போலக் கூர்மையாக எழுந்து நிற்கும் டி அலை (கீழறை அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டுவது) ஒன்று. டி அலை கியூ.ஆர்.எஸ். அளவுக்கே உயரமாக இருந்ததால் மானிட்டர் அதையும் ஒரு துடிப்பாக எண்ணியிருக்கிறது. ஒரு துடிப்பை இரண்டாகக் கணக்குப் போட்டு, 32-ஐ 64 ஆக்கிவிட்டது. பக்கத்தில் விரல் கிளிப்பிலிருந்து வரும் நாடி எண் இருக்குமே, அங்கே வெறும் கோடு. கை குளிர்ந்திருந்ததால் அது எதையும் பிடிக்கவில்லை. இதயத்துடிப்பு எண்ணும் விரல் கிளிப்பின் நாடி எண்ணும் ஒத்துப்போகாமல் இருந்தாலோ, ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமல் இருந்தாலோ, அது கருவிக் கோளாறு என்று கிளிப்பை மாற்றி மாட்டுவதற்கு முன் நோயாளியைத் தொட வேண்டும்.

"டாக்டர், பல்ஸ் 32, கை ஜில்லுனு இருக்கு, டி வேவ் உயரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரை, உயிராபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குத் தள்ளினோம்.

மெதுவான துடிப்பு எப்போது ஆபத்து

நிமிடத்துக்கு 50-க்குக் கீழே துடித்தால் கவனிக்கத் தொடங்குவோம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் மருந்து ஏற்றுவதில்லை. தூங்கும்போது 45-க்கு இறங்கும் இளைஞர்கள் உண்டு. நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு 40 என்பதும் இயல்பாக இருக்கலாம். நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: இந்தத் துடிப்பில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ரத்தம் போய்ச் சேர்கிறதா?

அந்த அம்மாவிடம் விடை தெளிவாக இருந்தது. தானியங்கிக் கருவி இரண்டு முறை முயன்றும் பிரஷர் காட்டவில்லை. கையால் பார்த்தால் 78/40. கேள்வி கேட்டால் பாதிப் பதில் சொல்லிவிட்டுக் கண் சொருகினார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. நெஞ்சுவலி இல்லை, நுரையீரலில் நீர்ச் சத்தம் இல்லை. குறைந்த பிரஷர், மங்கும் நினைவு, அதிர்ச்சிநிலையின் குளிர்ந்த தோல், இதயத் தசைக்கு ரத்தம் போதாத நெஞ்சுவலி, திடீர் இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே உடனே செயல்பட வேண்டும். இவரிடம் மூன்று இருந்தன. விரல் குத்திப் பார்த்த சுகர் 168. மயக்கத்துக்குச் சர்க்கரைக் குறைவு காரணமில்லை என்பது அதில் முடிந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் செய்தவற்றைச் சொல்வது எளிது, ஒரே நேரத்தில் செய்வதுதான் கடினம். இரண்டு கையிலும் பச்சை வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்தும் ஊசிக்குழாய்). அதிலிருந்தே ரத்த மாதிரி, கூடவே சிரை ரத்த வாயுப் பரிசோதனைக்கு ஒரு சிரிஞ்ச். எங்கள் ஆய்வகத்தில் பொட்டாசியம் வர முக்கால் மணி நேரம் ஆகும், வாயுக் கருவியில் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆக்சிஜன் அளவு காதில் கிளிப் மாட்டியதும் 92 என்று கிடைத்தது, அதனால் ஆக்சிஜன் கொடுத்தோம். சரியாக இருக்கும் நோயாளிக்குப் பழக்கத்துக்காக மாஸ்க் மாட்ட வேண்டியதில்லை. 2.47-க்குப் பன்னிரண்டு லீட் இ.சி.ஜி. எடுத்தாயிற்று. மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலையே இல்லை, கியூ.ஆர்.எஸ். அகலம், டி அலை உயரம், வேகம் 32.

அட்ரோபின்: ஆம்ப்யூலில் ஒளிந்திருக்கும் கணக்கு

துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் 1 மி.கி. என்றார் டாக்டர். அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதலில் முன்பு ஒரு தவணைக்கு 0.5 மி.கி. என்று இருந்ததை 2020-இல் 1 மி.கி. ஆக்கினார்கள். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 3 மி.கி. வரை கொடுக்கலாம். ஆனால் நம் மருந்து டிராலியில் இருக்கும் ஆம்ப்யூலில் உள்ளது 0.6 மி.கி. புத்தகத்தில் ஒரு எண், கையில் இன்னொரு எண். இந்த இடைவெளியில்தான் தவறு நடக்கிறது. "ஒரு அட்ரோபின் போடுங்க" என்றால் ஒரு ஆம்ப்யூல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்னும் மோசமானது, பயந்துபோய்ப் பாதி ஆம்ப்யூல் கொடுப்பது. 0.5 மி.கி.-க்குக் குறைவான அளவு துடிப்பை மேலும் மெதுவாக்கிவிடக்கூடும். நாங்கள் இரண்டு ஆம்ப்யூல், அதாவது 1.2 மி.கி. என்று டாக்டரிடம் வாய்விட்டு உறுதி செய்துகொண்டு, வேகமாகச் செலுத்தி, பின்னாலேயே 20 மி.லி. சலைன் தள்ளினோம். மொத்த அளவு ஐந்து ஆம்ப்யூல் என்று மனதில் வைத்துக்கொண்டால் 3 மி.கி. கணக்கு சரியாக வரும்.

துடிப்பு 38-க்கு ஏறியது, ஒரு நிமிடம்கூட நிற்காமல் 32-க்கே இறங்கியது.

இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அட்ரோபின், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தும். நரம்பு பிடித்து நிறுத்தியிருக்கும் இதயத்துக்கு அது பயன்படும். கீழறையிலிருந்து அகலமாகக் கிளம்பும் துடிப்புக்கும், ரத்தத்தில் கலந்த ஏதோ ஒன்றால் தசையே மந்தமாகிவிட்ட இதயத்துக்கும் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அட்ரோபின் கொடுத்துவிட்டு அது வேலை செய்யுமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பிழை. ஆகவே அட்ரோபின் உள்ளே போகும்போதே இன்னொரு செவிலியர், இதயத்துக்கு வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுக்கும் பேட் ஒட்டத் தொடங்கியிருந்தார். மூன்றாமவர் அட்ரினலின் 1 மி.கி.-ஐ 50 மி.லி. சிரிஞ்சில் கலந்து பம்பில் ஏற்றினார். அந்தக் கலவையில் மணிக்கு 6 மி.லி. ஓடினால் நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம். அதுதான் தொடக்க அளவு, 10 வரை ஏற்றலாம். இந்தக் கணக்கைப் பம்பின் பக்கவாட்டில் ஏற்கெனவே எழுதி ஒட்டி வைத்திருந்ததால் யாரும் அந்த நேரத்தில் கால்குலேட்டர் தேடவில்லை.

பேட் ஒட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரை இழுத்து, ரவிக்கையைக் கழற்றி, வேர்வையைக் காஸ் துணியால் அழுத்தித் துடைத்தோம். ஈரத்தில் பேட் ஒட்டாது. கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது. கழற்றிக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, அரை மயக்கத்தில் இருந்த அந்த அம்மா கையைக் கொண்டுவந்து அதைப் பொத்திக்கொண்டார். அது அங்கேயே இருக்கலாம், பேடைத் தொடாமல் இருந்தால் போதும். காஸில் சுற்றி வலது தோளுக்கு மேலே ஒதுக்கி பிளாஸ்திரி போட்டோம். இருபது நொடி வேலை. முன் பேட் மார்பெலும்புக்கு இடப்பக்கம், பின் பேட் முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. இதயம் இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

இதயம் நின்றுபோகும் நிலைக்கு வந்தவர்களுக்கு நெஞ்சுத் தோலின் வழியே மின்துடிப்பு கொடுத்து மீட்க முடியும் என்று 1952-இல் பாஸ்டனில் பால் ஸோல் காட்டினார். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் ஒன்று மாறவில்லை: விழிப்போடு இருப்பவருக்கு அது வலிக்கும். அதனால் அவர் காதருகே குனிந்து சொன்னேன். "அம்மா, நெஞ்சுல சுண்டி இழுக்கிற மாதிரி இருக்கும். இதயத்தைத் துடிக்க வைக்கத்தான். நான் பக்கத்துலயே இருக்கேன்." புரிந்ததோ இல்லையோ, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வலிக்கு ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் மட்டும். அந்தப் பிரஷருக்கு மயக்க மருந்தான மிடாசோலம் கொடுக்க டாக்டர் விரும்பவில்லை.

நான் தவறிய இரண்டு நிமிடம்

2.57-க்கு பேஸிங், அதாவது மின்துடிப்பு கொடுப்பது, தொடங்கினோம். வேகம் 70. மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றினோம். 60 மில்லி ஆம்பியரில் திரையில் ஒவ்வொரு மின்துடிப்புக் கோட்டுக்கும் பின்னால் ஏதோ ஓர் அலை தெரிந்தது, எண் 70 என்று வந்து நின்றது. தோளும் கழுத்தும் தாளத்தோடு துடித்தன. பக்கத்தில் இருந்த இளம் செவிலியர் கழுத்தில் கை வைத்து, "பல்ஸ் இருக்கு சிஸ்டர்" என்றார். "கேப்ச்சர் ஆயிடுச்சு", அதாவது மின்துடிப்பை இதயம் ஏற்றுத் துடிக்கிறது, என்று அறிவித்தது நான்தான். 2.58 என்று சார்ட்டில் எழுதியதும் நான்தான்.

பிரஷர் கருவி மறுபடியும் பிழை காட்டியது. பட்டையை இறுக்கச் சொன்னேன். அந்த அம்மாவின் கண் மேலே போய்க்கொண்டிருந்தது. எழுபது முறை துடிக்கும் இதயம் உள்ளவர் இப்படி ஆகக் கூடாதே என்று உறுத்தியபோதுதான் தொடை இடுக்கில் கை வைத்தேன். அங்கே நாடி 30. மெதுவாக, மெலிதாக, தன்போக்கில்.

முதல் தடவை மானிட்டர் எண்ணைச் சந்தேகித்த அதே நான், பதினாறு நிமிடம் கழித்து அதே மானிட்டரை நம்பிவிட்டேன். திரையில் நாங்கள் பார்த்த அலை, மின்துடிப்பு கருவியில் விட்டுச்சென்ற எச்சம். கழுத்தில் கிடைத்தது தசை துள்ளல். மேலுடம்புத் தசை மின்னோட்டத்தால் துடிக்கும்போது கழுத்து நாடி யாரையும் ஏமாற்றும். இளம் செவிலியரிடம் குறையில்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

மின்னோட்டத்தை ஏற்றினோம். 95-இல் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அகலமான கியூ.ஆர்.எஸ்., அதைத் தொடர்ந்து தெளிவான டி அலை. டி அலை வருவதுதான் முக்கியம், எச்சத்துக்கு டி அலை கிடையாது. தொடையில் வைத்த என் விரலுக்கு அடியில் நாடி திரையோடு ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து வந்தது. காதில் மாட்டிய கிளிப்பிலும் அலை எழுந்தது. 10 கூட்டி 105-இல் நிறுத்தினோம். பிரஷர் 96/58. மணி 3.00.

அதற்குப் பிறகு எங்கள் பேஸிங் கருவியில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறோம்: "தொடையில் நாடி பார்த்தது யார்?" பெயர் சொல்லாமல் கேப்ச்சர் என்று யாரும் சார்ட்டில் எழுதுவதில்லை.

மருமகளின் கையில் இருந்த பை

மூச்சு விட்டுக்கொண்டு, 3.02-க்கு வெளியே போய்க் கேட்டேன், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. மருமகள் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை நீட்டினார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அது அவர் அக்குளில் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம் யாரும் கேட்கவில்லை.

மேசையில் கொட்டினோம். பிரஷருக்கு அட்டெனலால் 50, வருஷக்கணக்காக. அதோடு டெல்மிசார்டன். போன மாதம் கால் வீங்குகிறது என்று வேறோர் இடத்தில் காட்டியபோது சேர்த்த ஸ்பைரோனோலாக்டோன். மெட்ஃபார்மின். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், அட்டையில் எட்டு காலி. "வயித்தால போகுதே, வேற என்ன கொடுத்தீங்க?" என்றேன். "இளநீர்தான் சிஸ்டர். வெயிலுக்கும் நல்லது, வயித்துக்கும் நல்லதுன்னு ஒரு நாளைக்கு மூணு, நாலு கொடுத்தோம். மாத்திரையும் ஒரு வேளைகூட விடாம கொடுத்தேன்." அன்போடு கவனித்த ஒருவரின் பதில் அது. குற்றம் சொல்ல அதில் எதுவும் இல்லை.

பையிலேயே நோய் முழுவதும் இருந்தது. நாலு நாள் வயிற்றுப்போக்கில் உடல் வறண்டது. வறண்ட சிறுநீரகத்தின் மேல் டெல்மிசார்டனும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்து அழுத்தின, அது வேலையைக் குறைத்துக்கொண்டது. சிறுநீரகம் குறைந்தால் இரண்டு பொருள்கள் தேங்கும். ஒன்று, அட்டெனலால். அது பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து, கல்லீரல் வழியாகப் போகும் மெட்டோபிரலால் போல இல்லை. மற்றொன்று பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்க, 100 மி.லி.-க்குச் சுமார் 250 மி.கி. பொட்டாசியம் உள்ள இளநீர் மேலும் மேலும் உள்ளே போனது. தேங்கிய அட்டெனலாலும் ஏறிய பொட்டாசியமும் தனித்தனியே செய்வதைவிடப் பல மடங்காகச் சேர்ந்து இதயத்தை மந்தமாக்கும். துடிப்பு குறைந்ததும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும், தேக்கம் மேலும் ஏறும். செக்கு மாடு போல ஒரே வட்டம், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஆழமாக.

இந்தச் சுழலுக்கு 2016-இல் ஜாஷ் ஃபார்க்கஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பிராஷ் என்று பெயரிட்டார். மெதுவான துடிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஏ.வி. கணுவை (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் இடம்) மந்தமாக்கும் மருந்து, அதிர்ச்சிநிலை, உயர் பொட்டாசியம் என்ற ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். மருந்து அதிகமாகச் சாப்பிட்டதால் வருவதில்லை இது. எழுதிக் கொடுத்த அளவை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கே வருகிறது. அதனால்தான் "மாத்திரை சரியா சாப்பிடுறாங்களா" என்ற வழக்கமான கேள்வி இங்கே உதவாது. ஆமாம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும்.

டாக்டர் இ.சி.ஜி.யையும் மேசையில் கிடந்த அட்டைகளையும் ஒருசேரப் பார்த்தார். "பொட்டாசியம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், கால்சியம் ஏத்துங்க." 10 சதவீதக் கால்சியம் குளூக்கோனேட் மூன்று ஆம்ப்யூல், 30 மி.லி., பத்து நிமிடத்தில். ஏற்றும் முன் வென்ஃப்ளானில் சலைன் தள்ளி, ஊசி நரம்புக்குள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்தேன். கால்சியம் வெளியே கசிந்தால் தசையே அழுகிவிடும். பைகார்பனேட் ஓடும் குழாயில் இதை விடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்பாகத் திரளும். இரண்டு வென்ஃப்ளான் தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

பாதி உள்ளே போனபோது வாயுப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் 7.6, மிக அதிகம். ரத்தத்தின் பி.எச். 7.18, அமிலம் ஏறியிருந்தது. சிறுநீரகம் குறைந்தால் ஏறும் கிரியாட்டினின், பிறகு ஆய்வகத்திலிருந்து 3.9 என்று வந்தது. நான்கு மாதம் முந்தைய சீட்டில் அது 1.3.

கால்சியம் முடியும்போது, பேஸிங்கைச் சில நொடி குறைத்துப் பார்த்தோம். அடியில் அவருடைய சொந்தத் துடிப்பு 54. கியூ.ஆர்.எஸ். குறுகியிருந்தது. கருவியைத் தேவைப்பட்டால் மட்டும் துடிக்கும் நிலைக்கு மாற்றி, 50-இல் காவலுக்கு வைத்தோம். அந்த நிலை வேலை செய்ய வேண்டுமென்றால் பேட் மட்டும் போதாது, கருவியின் தனி லீடுகளும் நெஞ்சில் இருக்க வேண்டும். அவசரத்தில் பலரும் விடுவது அதைத்தான்.

பொட்டாசியம் ஏறியிருக்கும்போது இதயத் தசை மின்துடிப்பை எளிதில் ஏற்காது. எங்கள் 60 மில்லி ஆம்பியர் பிடிக்காமல் போனதற்கு அதுவும் காரணம். பையை 2.41-க்கே கேட்டிருந்தால் கால்சியம் இருபது நிமிடம் முன்னால் போயிருக்கும். அந்தச் சுண்டி இழுக்கும் வலியே அவருக்குத் தேவைப்படாமல் போயிருக்கலாம். இப்போது சிவப்புப் பகுதிக்கு ஒருவர் வந்தால், படுக்கையைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவரின் முதல் வேலை உறவினரிடம் போவது. "மாத்திரைப் பையைக் கொடுங்க, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க, வேற என்ன குடிச்சாங்க." நாடி, பேட், பை. மூன்றும் ஒரே நேரத்தில், மூன்று பேர்.

பிழைத்த பிறகான ஆறு மணி நேரம்

கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசைக்குக் கொஞ்ச நேரம் கவசம் போடுகிறது, அவ்வளவுதான். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அது கரைந்துவிடும். 3.18-க்கு இன்சுலின் 10 யூனிட்டும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யும், கூடவே சால்புடமால் நான்கு ரெஸ்பியூல் நெபுலைசரில். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ள இவை. உடலிலிருந்து வெளியேற்ற, சிறுநீரகம் திரும்ப வேண்டும். அதற்கு டிரிப்.

இன்சுலினில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் மி.லி.-க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான், பொட்டாசியம் இறங்காது. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடியில் இழுத்தால் 25 யூனிட், நோயாளி சர்க்கரை இறங்கிப் போய்விடுவார். குப்பியையும் சிரிஞ்சையும் இரண்டு பேர் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான் இழுத்தோம்.

3.55-க்கு மானிட்டரில் கியூ.ஆர்.எஸ். மறுபடி அகலமாகத் தொடங்கியது. வேகம் இன்னும் 56, அலாரம் எதுவும் அடிக்கவில்லை. உருவம் மாறுவதை அலாரம் சொல்லாது, பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். கால்சியம் மறுபடி 30 மி.லி. மீண்டும் குறுகியது.

சிறுநீர்க் கத்தீட்டரில் முதல் ஒரு மணி நேரம் 10 மி.லி. மட்டும். ஐந்து மணிக்கு மேல் 25, பிறகு 40. சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸுக்குத் தயாராக இருந்தார்கள். ஆறு மணிக்குப் பொட்டாசியம் 6.1-க்கு இறங்கியதும் காத்திருக்கலாம் என்றார்கள்.

7 மணிக்கு ஷிப்ட் மாற்றம். இரவுப் பணிக்கு வந்தவரிடம் படுக்கையருகே நின்று ஒப்படைத்தேன். சர்க்கரையை 9.15 வரை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். சிறுநீரகம் குறைந்தவரின் உடலில் இன்சுலின் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கும். டெக்ஸ்ட்ரோஸ் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். 7.15-க்கு அவர் குத்திப் பார்த்தபோது 61. நோயாளி தூங்குவது போலத்தான் இருந்தார். பகல் முழுவதும் போராடியவர் அசந்து தூங்குகிறார் என்று யாரும் விட்டிருப்பார்கள். இன்னொரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் காலை பொட்டாசியம் 5.2, துடிப்பு 66, பி அலைகள் வரிசையாகத் திரும்பியிருந்தன. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பேஸ்மேக்கர் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லா மெதுவான இதயமும் இந்த வழியில் வருவதில்லை. இதயத்தின் அடிப்பக்க மாரடைப்பில் ஏ.வி. கணுவுக்குப் போகும் ரத்தம் நின்று துடிப்பு விழும். அதற்கு அடைப்பைத் திறக்க வேண்டும். பூச்சிமருந்து நஞ்சில் வாயில் நுரையும் சுருங்கிய கண்மணியும் இருக்கும். அங்கே அட்ரோபினுக்கு 3 மி.கி. எல்லை பொருந்தாது, நுரையீரல் காயும்வரை போக வேண்டும். நம் மாவட்டங்களில் அரளிக்கொட்டை நஞ்சும் இதே மெதுவான துடிப்பையும் ஏறிய பொட்டாசியத்தையும் காட்டும், அதனால் உறவினரிடம் கேட்கும் கேள்விகளில் அதையும் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். மின்கடத்தல் பாதையே வயதில் தேய்ந்து முழு அடைப்பு வந்தவருக்குப் பேஸ்மேக்கர்தான் வழி. காரணம் எதுவானாலும் முதல் ஐந்து நிமிட வேலையில் பெரிய மாற்றமில்லை. ஆறாவது நிமிடத்தில் செய்வது முழுவதும் காரணத்தைப் பொறுத்தது.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். அட்டெனலாலும் ஸ்பைரோனோலாக்டோனும் நிறுத்தப்பட்டன. பிரஷருக்கு அம்லோடிபின். டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் கிரியாட்டினின் பார்த்த பிறகு முடிவு. டைக்ளோஃபெனாக் அட்டையை மருமகளே குப்பையில் போட்டார். புதிய மாத்திரைகளின் பெயரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுத வைத்தேன். அதன் கீழே ஒரு வரி: வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காத நாள் வந்தால், பிரஷர் மாத்திரையைக் கொடுக்கும் முன் எங்களுக்குப் போன்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்போ இனி இளநீரே கொடுக்கக் கூடாதா சிஸ்டர்? எங்க வீட்டுத் தென்னை, அவங்களே வச்சது."

"கிரியாட்டினின் இன்னும் 1.6 இருக்கும்மா. வியாழக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் நீர்மோரும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். கஞ்சித் தண்ணி உப்புப் போட்டுக் கொடுங்க. கடையில சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்கிறாங்க, அது மட்டும் வாங்காதீங்க, அதுல இருக்கிறது பொட்டாசியம்" என்றேன். அதையும் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டார்.